வலது பக்கத்து நூல்

என் தங்கை ராதியா ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். இந்த ஊர்ச் சாலைகளைப் பார்த்தால் யாரும் யாருக்கும் எதையும் கற்றுத் தந்ததாகத் தெரியாது; அதற்கு அவள் பொறுப்பில்லை. அவளிடம் கற்றவர்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணிக்கை என்னுடையது, அவள் இதையெல்லாம் எண்ணுவதில்லை. நான் ஆறாம் வகுப்போடு தையல் கடைக்குப் போனவன். ஆனாலும் எண்ணுவதில் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கோடையில் அவளுக்கு வலது மார்பில் புற்றுநோய் என்றார்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு இருபத்தைந்து நாள் கதிர் வைத்தார்கள். இதை எழுதுவது சுலபம். எங்கள் குடும்பத்தில் வாயால் சொல்ல முடியாது. புற்றுநோய்க்கு ‘அந்தச் சீக்கு’ என்று பெயர். மார்புக்கு ‘அந்த இடம்’. நாங்கள் மூன்று பிள்ளைகளும் பால் குடித்து வளர்ந்தது ஏதோ முகவரி தெரியாத இடத்தில் என்றுதான் எங்கள் நினைப்பு.

ஷாதுலியா அத்தை நலம் விசாரிக்க ஆலிவ் எண்ணெயோடு வந்து, கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

“தப்பா நினைக்காதடி. கதிரு இன்னும் உன் உடம்புக்குள்ள இருக்கும்ல? வீட்ல மருமக மாசமா இருக்கா.”

“அதெல்லாம் மெஷினை நிறுத்தினதோட போயிடும் அத்தே. பயமா இருந்தா லைட்டை அணைச்சுப் பாருங்க, பச்சையா மின்னினேன்னா ஓடிடுங்க.”

அத்தை உண்மையிலேயே விளக்கைப் பார்த்தாள்.

அந்த இருபத்தைந்து நாளும் ராதியா பாடத்தை நிறுத்தவில்லை. கற்றுக்கொள்கிறவர்களையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லி, அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கதிர் வாங்கிக்கொண்டு திரும்புவாள். விளைவு, அந்தப் பருவத்தில் படித்தவர்களுக்கு அந்த ஒரு வழி மட்டும் அத்துப்படி. ஓட்டுநர் தேர்வன்று ஒருத்தி, அதிகாரி துறைமுகத்துக்குப் போகச் சொல்லச் சொல்ல, அவரை நேராகக் கதிர்ப் பிரிவின் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். அங்கே வண்டியை நிறுத்திய அழகுக்காகவே தேர்ச்சி கொடுத்தாராம்.

மூன்றாவது வாரத்தில் தோல் சிவந்தது. பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்து, மடிப்பில் உரிந்தது. இந்த ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம், சொல்லிக் கொடுக்கிறவர் உட்காருவது வலது பக்கம். சீட் பெல்ட் வந்து விழுவது சரியாக அந்த இடத்தின் மேல். பெல்ட்டுக்குப் பழைய பருத்தித் துணியில் ஒரு மெத்தையுறை தைத்துக் கொடுத்தேன்.

“கொஞ்ச நாள் பெல்ட் போடாம உக்காந்தா என்னம்மா?”

“நான் போடலைன்னா அதுங்க போடுமா? அப்புறம் ஊரே உங்கள மாதிரி அறிவாளியா ஆயிடும்ணே.”

நான் ஆண்களுக்கு ஜெப்பா அங்கி தைப்பவன். பெண்களில் தங்கைக்கு மட்டும் தைப்பேன். ஆனால் அண்ணன் தங்கையை அளக்கலாமா? ஆகவே என் மனைவி சலுவா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தோளிலிருந்து அந்த இடத்தின் வழியாக இடுப்பு வரை இரண்டு பக்கமும் தனித்தனியாக நூல் பிடித்து வெட்டிக் கொண்டுவருவாள். வலதுக்குச் சிவப்பு நூல், இடதுக்கு வெள்ளை. முப்பது வருடமாக நான் பார்த்ததெல்லாம் நூலைத்தான். இவ்வளவு கண்ணியமான ஏற்பாடு வேறெங்கும் இருக்காது.

கதிர் முடிந்து மூன்றாம் மாதம் வந்த சிவப்பு நூல் வெள்ளையைவிட ஒரு விரற்கடை கூடுதல்.

“உனக்கு ஒழுங்கா அளக்கக்கூடத் தெரியாதா?” என்றேன்.

“நான் ஒழுங்காத்தான் அளந்தேன். அங்க வீங்கியிருக்கு. கதிர் வச்சா கொஞ்ச மாசம் அப்படித்தான் இருக்கும்னு டாக்டரே சொன்னாராம். நம்பிக்கை இல்லைன்னா நீங்களே போய் அளங்க.”

நூலின் அளவுக்கே வெட்டினேன்.

இந்த வருடம் ராதியாவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண்ணின் தாய்க்குப் பட்டில் நீள அங்கி தைக்க வேண்டும். இந்த முறை ராதியா சலுவாவை உள்ளே விடவில்லை. தானே அளந்து, நூல்களை உறையில் போட்டு அனுப்பினாள்.

மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தேன். சிவப்பும் வெள்ளையும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒரே நீளம்.

அளவு நாடா பிடித்த நாற்பத்தொரு வருடத்தில் இரண்டு பக்கமும் சரிசமமாக உள்ள மனிதரை நான் அளந்ததில்லை. கத்தி பட்டு, கதிர் பட்ட என் தங்கைக்கு மட்டும் அப்படியொரு உடம்பு கிடைத்திருக்கிறது! ஒரு பக்கத்தை மட்டும் அளந்து, அதே நீளத்துக்கு இன்னொரு நூலையும் வெட்டியிருக்கிறாள். இன்னொரு பக்கம் கையே வைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்காகக் காரில் காத்திருந்தவளிடம் போனேன்.

“வலது பக்கம் ஏன் அளக்கல?”

“அளந்தேனே.”

“ராதியா, நான் தையக்காரன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் இல்ல. எங்கிட்ட கதை விடாத.”

அவள் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருகிச் சரிசெய்தாள்.

“கல்லு மாதிரி ஆயிடுச்சுண்ணே. சுருங்கி மேல ஏறிடுச்சு. தோலு ஆரஞ்சுத் தோலு மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“போனாத்தான சொல்றதுக்கு? திரும்ப வந்துடுச்சுன்னு சொல்லிட்டா? கல்யாணம் முடியட்டும். பொண்ணு ஒரு நாளாவது சிரிச்சுட்டுப் போகட்டும்.”

சுற்றிப்போய், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவை.

“என்ன பண்றீங்க?”

“பாடம் படிக்க வந்திருக்கேன். உன் பிள்ளைங்களுக்கெல்லாம் தெரிஞ்ச அந்த வழியக் காட்டு.”

“எறங்குங்கண்ணே. சீக்குல பொழைச்சு உங்க கையாலயா சாகணும்?”

“எறங்க மாட்டேன். நிஜ அளவு வராம பட்டுல கத்தரி வைக்கவும் மாட்டேன். பொண்ணோட அம்மா துண்டைச் சுத்திக்கிட்டு வரட்டும்.”

சாவியைத் திருகினேன். வண்டி ஒரு குதி குதித்துப் பூக்காரனின் கூடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதன் பிறகு அவள் விவாதிக்கவில்லை. என்னை வலது பக்க சீட்டுக்குத் தள்ளிவிட்டுத் தானே ஓட்டினாள். ஓட்டுகிற பக்கம் பெல்ட் இடது தோள் வழியாக இறங்கியது. அவளுக்கு மெத்தையுறை தேவைப்படவில்லை.

படம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள். ஆறு நாள் பொறுக்கச் சொன்னார்கள். அந்த ஆறு நாளில் அவள் முப்பத்தொரு பாடம் நடத்தினாள். நான் மூன்று பொத்தான் துளைகளை இடம் மாற்றி வெட்டினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சீக்கு இல்ல. கதிர் பட்ட சதை தழும்பாகி இறுகியிருக்கு. சுருங்கும், தோல் தடிக்கும், ரெண்டு மூணு வருஷத்துக்குக்கூட மாறும். பழைய அளவுக்கு வராது. ஆனா இதுவா அதுவான்னு முடிவு பண்ண வேண்டியது நாங்க. மாற்றம் தெரிஞ்ச அன்னைக்கே வரணும். ரெண்டு மாசம் என்ன பண்ணீங்க?”

“நூல் வெட்டிக்கிட்டு இருந்தேன் டாக்டர்.”

பிறகு வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் அறிவிப்புப் பலகையில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன்.

அன்று மாலையே சலுவா நிஜ நூல்களைக் கொண்டுவந்தாள். சிவப்பு இரண்டரை விரற்கடை குறைவு. பஞ்சு வைத்துச் சமன் செய்யட்டுமா என்று கேட்டனுப்பினேன்.

“வேணாம்னு சொல்லுங்க அண்ணி. ஒரு பக்கம் இருபது வயசு, ஒரு பக்கம் அம்பத்தி நாலு. ரெண்டும் சம்பாதிச்சதுதான்.”

ஆகவே இரண்டு பக்கத்தையும் அதனதன் அளவுக்கே வெட்டினேன். சுருக்கம் விழவில்லை, இழுக்கவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், இந்த ஊரில் வேறு எவனாலும் முடியாது.

கல்யாணத்தில் ஷாதுலியா அத்தை, இந்த முறை தைரியமாக ஒரு முழம் வரை நெருங்கி வந்து, ராதியாவை முன்னாலும் பின்னாலும் ஆராய்ந்தாள்.

“ஒண்ணுமே தெரியலையேடி. எந்தப் பக்கம் அது? அந்த இடம்?”

“அளவு விஷயமெல்லாம் அண்ணனைக் கேளுங்க அத்தே.”

மேளம் அந்த நேரம் பார்த்து நின்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“வலது மார்பு,” என்றேன். “இரண்டரை விரற்கடை சின்னது.”

கூஸ்கூஸ் தட்டோடு போய்க்கொண்டிருந்த சம்பந்தி நின்றுவிட்டார். ராதியா மட்டும் சிரித்தாள், பட்டில் ஒரு தையல்கூட இழுபடாமல்.