பத்து நாள் சத்தம் போடாத வீடு

சின்னத்துரை வாயை ஆவென்று திறந்து கத்திக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை!

மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, பூவரசங்குளத்தில் பட்டப்பகலில் நான் கண்ட காட்சி இது. வயல் நிறையக் கிளிகள். கதிர் பால் பிடிக்கிற நேரம்... வழக்கமாக இந்த நாட்களில் மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்து ஊரையே செவிடாக்குகிற மனிதர், வரம்பில் நின்று சால்வையை வீசி வீசி வாயைத் திறந்து மூடுகிறார். கிளிகள் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. சைக்கிளை விட்டு இறங்கினேன்.

சின்னத்துரை எனக்கு ஊர்க்காரர். யாழ்ப்பாணத்தில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்த வளவு. அரசாங்கக் காணி கிடைத்துப் பூவரசங்குளத்துக்கு வந்து, காடு வெட்டி வயல் செய்தவர். அவருடைய ஒரே மகன் யோகன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். போன முறை ஒரு பாடத்தில் கோட்டை விட்டவன். இந்த முறையும் விட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். படிக்கவென்று லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். எப்படிப் படிக்கிறான், பார்ப்போமே என்றுதான் நான் போனது.

"என்ன சின்னத்துரை, தொண்டை கட்டிப்போச்சோ?" என்றேன்.

ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்! "மெல்லக் கதையுங்கோ... பெடியன் படிக்கிறான்."

வீட்டுக்குப் போனால் — என்னத்தைச் சொல்ல? பசுவின் கழுத்து மணிக்குள் பழந்துணி அடைத்திருந்தது. கிணற்றுக் கப்பியில் எண்ணெய் வழிந்தது. நாயைக் காணவில்லை, அடுத்த காணிக்கு நாடு கடத்தியாயிற்றாம். உரல் கவிழ்ந்து கிடந்தது. ரேடியோவின் மேல் சாக்கு. சின்னத்துரையின் மனைவி பூமணி குசினிக்குள் இருந்து வந்தார். கால் நிலத்தில் படுகிற ஓசைகூட இல்லை. செத்தவீட்டில் என்றாலும் யாராவது அழுவார்கள். இங்கே அதுவும் இல்லை.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை. "இங்கே லைப்ரரியில் ஒரு சத்தமும் இருக்காது, அதனால் நன்றாகப் படிக்க முடிகிறது" என்று யோகன் எப்போதோ எழுதியிருந்தானாம். தகப்பன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் படிக்காதவன். பாடம் சொல்லிக் குடுக்க ஏலாது. ஒரு லைப்ரரியாவது செய்து குடுப்பம் எண்டு..." காதுக்குள் சொன்னபோது அவர் முகத்தில் எவ்வளவு பெருமை!

மூடிய அறைக் கதவுக்கு முன்னால் ஒரு முக்காலி. பூமணி அதில் தேநீரை வைத்துவிட்டு விலகி வந்தார். கொஞ்சம் பொறுத்துக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்தது. கோப்பையை எடுத்தது. கதவு மூடியது. முகம் தெரியவில்லை.

"கதைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"பத்து நாளாச்சு அண்ணை." பூமணியின் உதடுதான் அசைந்தது. "விடியப்புறம் பின்பக்கம் போய்வருவான். அந்த நேரம் அவன்ர கண்ணில படாமல் நாங்கள் ஒளிச்சு நிப்பம், பிள்ளையின்ர யோசனை குழம்பக்கூடாதெண்டு. பள்ளிக்கூடத்தில படிக்கேக்க நான் மா இடிக்க இடிக்க, பக்கத்தில இருந்து சத்தம் போட்டுப் பாடமாக்குவான். இப்ப ஒரு மூச்சும் இல்லை. நேற்று ஒரு பயம் வந்திட்டுது அண்ணை... உள்ளுக்கு இருக்கிறது அவன்தானோ எண்டு."

அந்தப் பயம் எனக்கும் தொற்றியது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும், என் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். சின்னத்துரை கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

யன்னல் பூட்டிய அறை. யோகன் மேசையருகே இருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய்... முன்னால் விரித்துக் கிடந்த புத்தகத்தின் மேல் தூசி. இரண்டு தரம் வாயைத் திறந்து மூடிய பிறகுதான் குரல் வந்தது.

"மாமா... ஐயா இருக்கிறாரோ?"

தகப்பனைத்தான் கேட்கிறான். எனக்கு விளங்கவில்லை. "என்னடா கேக்கிறாய்?"

"ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஐயா செத்துப்போனாரோ?"

வாசகர்களே, நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைக்குப் பரீட்சை என்றால் சாவைக்கூடச் சொல்லமாட்டோம். தந்தி அடிக்கமாட்டோம். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, கடைசிப் பாடம் எழுதிவிட்டு வரும்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். யோகனின் அறைத் தோழன் ஒருவனுக்கு அப்படித்தான் நடந்ததாம். இவன் அதைக் கண்ணால் கண்டவன்.

"முதல் ரெண்டு நாள் நல்லாப் படிச்சன் மாமா. பிறகு பாத்தா, ஐயாவின்ர தகரச் சத்தம் இல்லை. நாய் இல்லை. முத்தத்தில ஆக்கள் இல்லை. சுவருக்கு அங்கால குசுகுசுப்பு மட்டும். சாப்பாடு வருது, ஆர் வைக்கிறதெண்டு தெரியேல்லை. எட்டு நாளா ஒரே பக்கத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அட விசரா! கதவைத் திறந்து கேக்கிறதுக்கென்ன?"

"கேட்டா... ஓம் எண்டு சொல்லிப்போட்டினமெண்டா?"

என் பின்னால் ஓர் அலறல். "டேய்! நான் இஞ்சதான்ரா நிக்கிறன்!"

பத்து நாள் அடக்கி வைத்த சத்தம் அது. அடுத்த காணியில் நாய் குரைத்தது. சின்னத்துரை மகனைக் கட்டிப்பிடித்து அழுது, முதுகில் ஓங்கி ஒன்று போட்டு, மறுபடி அழுதார். பூமணி வாயில் வந்தபடி இரண்டு பேரையும் ஏசினார். ஆகா, என்ன அருமையான ஏச்சு! எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்?

மணிக்குள் இருந்த துணியை நானே பிடுங்கினேன். சின்னத்துரை தகரத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினார். உரல் நிமிர்ந்தது. நான் சைக்கிளில் ஒழுங்கை வழியே தெருவுக்குத் திரும்பும்போது, உலக்கைச் சத்தத்துக்கு மேலாக ஒரு குரல் இங்கிலீசில் எதையோ திருப்பித் திருப்பிப் பாடமாக்கிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்குப் பெற்றோர் என்ன செய்யவேண்டும் என்று கேட்டு எழுதுகிறீர்கள். வல்லாரையா? மீன்தலையா? அருச்சனையா? எனக்கென்ன தெரியும்! லைப்ரரி அங்கேயே இருக்கிறது. அம்மாவின் ஏச்சும் அப்பாவின் தகரமும்தான் அங்கே கிடைக்காது. நீங்கள் இருக்கிறீர்கள் என்பது பிள்ளைக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நேற்று சின்னத்துரையின் தபாலட்டை வந்தது. "பெடியன் சோதினை எழுதப் போயிட்டான். வீடு திரும்பவும் சத்தமில்லாமல் கிடக்குது. அந்த அறைக் கதவைப் பாக்க எனக்குப் பயமாயிருக்குது. நானும் அவவும் இப்ப சத்தம் போட்டுத்தான் கதைக்கிறம். அவனுக்குக் கேக்குமோ?"

கேட்கும் என்று பதில் போட்டிருக்கிறேன்.