மதியம் இரண்டு மணிக்குச் சிவக்கும் பெட்டி

திருமழிசை தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, கார்களுக்கு ரப்பர் வாஷர் செய்து அனுப்புகிறது. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் பொறுப்பு. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரண்ட் போனாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கொரட்டூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் இரண்டு புகாராவது காத்திருக்கும்.

அவற்றில் பெரிய புகார், மதியம் நெட்வொர்க் படுத்துவிடுவது. சாப்பாடு முடிந்த கையோடு டெஸ்பாட்ச் பக்கம் ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யாது. பில் போட முடியாமல் லாரிகள் வாசலில் நிற்கும். நான் கேபிளும் கையுமாகப் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கும்போதே தானாகச் சரியாகிவிடும். டெஸ்பாட்சைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்திலுள்ள நூம்பல் ஊர்க்காரர். நான் வந்தால் நெட் வந்துவிடுகிறது, எனவே என் மேஜையை அங்கேயே போட்டுவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் மேலாளர் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். நேரம் தவறாமை பற்றி வாரக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுவார், அதனால் எல்லோருக்கும் அரை மணி நேரம் தாமதமாகும். அப்படியொரு கூட்டத்தில் என்னை எழுப்பிக் காரணம் கேட்டார். தெரியவில்லை என்பதையே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு, நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் காட்டிக்கொடுக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ், காசே கிடையாது என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "காசு குடுக்கலைன்னா, கெட்டுப்போனா யாரும்மா திட்டு வாங்குறது?"

"நான்தான் சார்."

அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. அனுமதி கிடைத்தது.

ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, லினக்ஸ் ஏற்றி, சர்வர் என்று பெயர் வைத்தேன். செய்முறையை இணையத்தில் எழுதியிருந்த புண்ணியவான் பத்தே நிமிட வேலை என்றிருந்தார். எனக்கு நான்கு நாள் பிடித்தது. முதல் நாள் அது ஒரு துணை மென்பொருளைக் கேட்டது. அதைக் கொடுத்தால் அது இன்னும் இரண்டைக் கேட்டது, சம்பந்தி வீட்டார் மாதிரி. இரண்டாம் நாள் முழுக்க டேட்டாபேஸ் என் பாஸ்வேர்டை மறுத்துக்கொண்டிருந்தது. நான்தான் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். மூன்றாம் நாள் எல்லாம் ஓடுகிறது என்று சர்வர் சத்தியம் செய்தது, ஆனால் என் மேஜையிலிருந்து பக்கமே திறக்கவில்லை. பாதுகாப்புக்காக ஃபயர்வாலை இறுக்கி மூடியதும் நானே. கதவை நானே பூட்டிவிட்டு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காம் நாள் திரை நிறையப் பச்சைப் பெட்டிகள் வந்தன. மேலாளர் சொக்கிப்போனார். கம்பெனி வரலாறு ஓடிக்கொண்டிருந்த வரவேற்பறை டிவியில் இதைப் போடச் சொன்னார். மேலே 'கண்ட்ரோல் ரூம்' என்று ஒரு பலகையும் மாட்டப்பட்டது. அறை கிடையாது, பலகை மட்டும்தான்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஒரு பெட்டி சிவந்தது, முக்கால் மணி நேரத்தில் பச்சையானது. தினமும் அப்படியே. மேலாளர் வெளியூர் போயிருந்த வியாழக்கிழமை மட்டும் சிவக்கவே இல்லை. டெஸ்பாட்ச் கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க்கைப் பிரித்துக் கொடுக்கும் அந்த ஸ்விட்ச் பெட்டி இருந்தது அவர் அறைச் சுவரில், நாற்காலிக்கு நேர் பின்னால்.

ஒரு ஃபைலைச் சாக்காக எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் பிளக் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.

பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த நினைப்பில் டெஸ்பாட்ச்காரரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இன்னாக்கா, இப்பதான் தெரியுமா? செவப்பு வந்தா பெரியவரு படுத்துகினார்னு அர்த்தம். டிவிய பாத்துட்டுதான் அல்லாரும் டீக்கு கெளம்புறானுங்க."

நான்கு நாள் பாடுபட்டு நான் நிறுவியதன் பலன் அதுதான். வேறு வழியில்லாமல், தேதிவாரியாக வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு மேலாளரிடம் தனியாகப் போனேன். தேதி தேதியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பெட்டிக்குள்ள ஓடுற ஃபேன் சத்தம் மண்டைக்குள்ளயே கேக்குதும்மா," என்றார் கடைசியில். "இதை ரிப்போர்ட்ல வேற மாதிரி சொல்ல முடியுமா?"

முடியும். திட்டமிட்ட பராமரிப்பு என்று நேரம் குறித்துவிட்டால் அந்த மென்பொருள் எச்சரிக்காது, பெட்டியை நீலமாகக் காட்டும். குறித்துவிட்டேன். கூடவே, பெட்டியை அறைக்கு வெளியே நடைபாதைக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அப்போதே மாற்றச் சொன்னார். அன்றோடு டெஸ்பாட்சின் தொல்லை தீர்ந்தது, லாரிகள் நேரத்துக்குப் போயின.

நீலத்தை எடுப்பதற்குள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்துவிட்டது. வந்தவர்கள் டிவியைப் பார்த்தார்கள். தினசரி திட்டமிட்ட பராமரிப்பு, பின்பற்றத்தக்க நடைமுறை என்று அறிக்கையில் பாராட்டி எழுதினார்கள். பிறகு நான் எடுத்துவிடலாமா என்று கேட்டபோது மேலாளர், ஆடிட்டில் ஏறிவிட்டதை எப்படி எடுப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். பராமரிப்புக்குப் பதிவேடு வேண்டும் என்றும் உத்தரவிட்டார். இப்போது தினமும் இரண்டே முக்காலுக்கு, ஒரு வினாடிகூட நிற்காத அந்தப் பெட்டிக்கு நேராக, 'பராமரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.