காப்பு கட்டியவளின் மெஷின்

வேணி திண்டிவனத்தில் எட்டுத் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளும் அவள்தான், பி.காம். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவள், தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக் கொடுத்ததில்லை. எல்லோரும் அக்கா, தங்கை முறையில் பழகுகிறவர்கள். அக்காவுக்கு யாராவது வேலை உத்தரவு எழுதுவார்களா?

வைகாசியில் வந்தது வினை. காலர் வைப்பதில் கைதேர்ந்த சூர்யகலா, ஊரில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி என்றாள். நேர்ந்துகொண்டிருக்கிறாளாம், காப்பு கட்டிவிட்டால் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. அம்மன் காரியத்துக்கு மாட்டேன் என்று சொல்ல வேணிக்கு வாய் வரவில்லை. தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

ஆறாம் நாள் பள்ளியிலிருந்து போன் மேல் போன். இருநூறு சட்டைகள் காலர் இல்லாமல் கிடந்தன. ஒரே ஒரு நாள் வந்து போக முடியுமா என்று வேணி கேட்டுப் பார்த்தாள். கையில் காப்பு இருக்கிறது என்று பதில் வந்தது. மறுநாள் அருணா என்ற பெண்ணை அந்த மெஷினில் உட்கார வைத்தாள்.

பதினோராம் நாள், மஞ்சள் போகாத கையோடு சூர்யகலா வந்தபோது அவளுக்கு உட்கார இடமில்லை. சீசன் முடியட்டும், சொல்லி அனுப்புகிறேன் என்றாள் வேணி. ஆனியும் முடிந்தது, சொல்லி அனுப்பவில்லை. விழுப்புரம் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து தபால்தான் வந்தது. சூர்யகலா கொடுத்த புகாரின் பேரில் சமரசப் பேச்சுக்கு ஆஜராக வேண்டும்.

அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் துரைக்கண்ணு தபாலைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“லீவு எழுதிக் குடுத்தாளா? இல்லல்ல? அவளாவே வேலைய உட்டு நின்னுட்டான்னு சொல்லிடு. முடிஞ்சிபோச்சி.”

வேணி இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் இல்லையென்றால் நடந்தது நடக்காததாகிவிடுமா? உண்மையைச் சொல்லப்போய், தப்பு தன் பேரில் என்றாகி, தொழிலே படுத்துவிட்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? படித்த பாடத்தில் இதற்கு விடை இருந்ததாக நினைவில்லை.

அலுவலகத்தில் சூர்யகலா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வருடமாக வேணி, வேணி என்று கூப்பிட்டவள், அதிகாரியிடம், “மேடம் வந்துட்டாங்க சார்” என்றாள். அந்த ‘மேடம்’ வேணியை என்னவோ செய்தது.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளா என்று அதிகாரி கேட்டார். துரைக்கண்ணு தொண்டையைக் கனைத்தார்.

“சொல்லிட்டுத்தான் போனாங்க சார்” என்றாள் வேணி. “நான்தான் போய்ட்டு வாங்கன்னு அனுப்பினேன்.”

துரைக்கண்ணு பேனாவை மூடினார். “அப்புறம் என்னாத்துக்கும்மா என்னைக் கூட்டிக்கினு வந்தே?”

திங்கள்கிழமையிலிருந்து சூர்யகலாவுக்குப் பழைய வேலை என்று அதிகாரி எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தோற்றோமா, தப்பித்தோமா என்று வேணிக்கு விளங்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சூர்யகலா கேட்டாள்: “அந்த மெஷின்ல இருக்கிற பொண்ண என்னா பண்ணப் போறீங்க?”

“தெரியலக்கா.”

“அதுவும் இதே ஆபீசுக்குத்தான் வரும், பாத்துக்கோங்க.”

அது அக்கறையா, குத்தலா? முகத்தைப் பார்த்தும் பிடிபடவில்லை.

இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாவதாக ஒரு மெஷின் போட முடியுமா என்று வேணி கடையை மனசுக்குள் அளந்து பார்த்தாள். போட்டால் கதவு திறக்காது. விக்கிரவாண்டி தாண்டியும், கதவைக் கழற்றி எந்தப் பக்கம் திருப்பி மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.