மேலே போனால் காணாமல் போகும் வயலின்

அக்கா அடையாற்றில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், விடுப்பில் வந்தார். காதை முழுக்க மூடும் விலையுயர்ந்த ஹெட்ஃபோன்கள் இரண்டை அவளுக்காக வாங்கி வந்திருந்தார். வார்டின் முனகல் அவளுக்குக் கேட்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

எந்த இசைக்கு எது நல்லது என்று மயிலாப்பூர் வீட்டில் அத்திம்பேரும் நானும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தோம். கறுப்பு ஹெட்ஃபோனில் மிருதங்கம் நெஞ்சுவரை அதிர்ந்தது. சினிமாப் பாட்டுக்கும் அதுதான். சாம்பல் நிற ஹெட்ஃபோனில் வயலின் வில் தந்தியைத் தொடுவதுகூடக் கேட்டது. அக்கா வயலின் வாசிப்பவள் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதையே முதலில் அவளுக்கு மாட்டிவிட்டோம்.

கொஞ்ச நேரம் கேட்டவள், "இது சரியில்லைடா. வயலின் மேலே போனா காணாமப் போயிடறது" என்றாள். கறுப்பை மாட்டினோம். அதிலும் அப்படித்தான் என்றாள். அத்திம்பேர் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வயலின் துல்லியமாகக் கேட்டது.

"உனக்குக் கேக்கறதோ?" என்றாள் அக்கா.

"கேக்கறதுக்கா."

டாக்டரிடம் ஓடினோம். அவளுக்கு ஏற்றும் மருந்து சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும், மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார். மருந்தை நிறுத்தச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

"கறுப்பை வெச்சுட்டுப் போங்கோ. மிருதங்கமாவது கேட்டுண்டிருக்கேன்" என்றாள் அக்கா. அத்திம்பேர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அவர் திரும்பிப் போன வாரமே, தலை வலிக்கிறதென்று அவள் அதையும் கழற்றிவிட்டாள். மார்கழிக் கச்சேரிகள் தொடங்கியபோது அவள் இல்லை.