ஹீட்டர் பக்கம் இருந்த எலிகள்

அலெக்ஸாண்டிரியாவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் எலிக்கூடத்தில் புஸைனா இருபத்தாறு வருடம் எலிகளைப் பார்த்துக்கொண்டாள். நான் கூண்டு கழுவுகிறவள். வாய்க்கொழுப்பு இரண்டு பேருக்கும் சமம்.

டாக்டர் வஜீஹ் வெள்ளைச் சுண்டெலிகளின் வயிற்றில் கிருமியை ஏற்றுவார். அது ரத்தத்தில் கலந்து உடம்பு சரியும்போது தன் புது மருந்து காப்பாற்றுகிறதா என்று பார்ப்பார். அந்த நிலையில் எலி சில்லிட்டுப்போகும். உள்ளங்கையில் வைத்தே எது பிழைக்கும், எது போகும் என்று புஸைனா சொல்லிவிடுவாள். கால் புண் சீழ்வைத்து என் புருஷன் செத்ததும் இந்தச் சீக்கில்தான். கடைசியில் அவன் கையும் சில்லென்றுதான் இருந்தது.

குளிர்காலத்தில் கடல்புயல் அடித்த வாரம், மருந்து கொடுத்த பத்தில் எட்டு பிழைத்தன. கொடுக்காத பத்தும் செத்தன. டாக்டர் எல்லோருக்கும் பஸ்பூசா வாங்கி வந்தார். அடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கப்போவதாகச் சொன்னார்.

புஸைனா இனிப்பைத் தொடவில்லை.

"ஊசி போட வசதியா இருக்கும்னு மருந்து எலியை ஹீட்டர் பக்கம் வெச்சீங்க. மத்தது ஒடஞ்ச ஜன்னலுக்கு அடியில. சில்லிட்டுப்போற உசுரைக் குளிர்ல போட்டா சாகாம என்ன செய்யும்?"

"ஹாஜ்ஜா, நீங்க கூண்டைப் பாருங்க. மருந்தை நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர். வயசான பெண்களை அங்கே ஹாஜ்ஜா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"கூண்டைப் பாத்துதான் சொல்றேன். எடத்தை மாத்தி மறுபடி செய்ங்க."

"பென்ஷனுக்கு எட்டு மாசந்தான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. அதுக்குள்ள நான் படுத்தா இந்த மருந்தைத்தானே எனக்குக் குத்துவீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

"என்ன மொறைக்கிறீங்க? மறுபடி செய்யலைன்னா கூண்டை நீங்களே கழுவிக்குங்க" என்றேன்.

புஸைனா நேராகத் துறைத்தலைவி அறைக்குப் போனாள். அந்த அம்மா வந்து ஜன்னலடியில் கை வைத்துப் பார்த்தார். மறுபடி செய்யச் சொன்னார். இந்தத் தடவை இரண்டு இடத்திலும் இரண்டு வகை எலியும் பாதிப் பாதி. ஹீட்டர் பக்கம் இருந்தவற்றில் மருந்து இல்லாததும் பிழைத்தது. ஜன்னலடியில் இருந்தவற்றில் மருந்து கொடுத்த எலியும் செத்தது.

அந்த மருந்து ஆராய்ச்சியை அத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்த வாரமே புஸைனாவை வராந்தா கூட்டப் போட்டுவிட்டார்கள். யார் சொல்லி என்று யாரும் சொல்லவில்லை.

அவள் தினமும் எலிக்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, டாக்டர் காதில் விழும்படி என்னைக் கேட்பாள்:

"ஜன்னலை அடைச்சாங்களாடி?"

"இன்னும் இல்லக்கா."

"சரி. நாளைக்கும் வந்து கேக்கறேன்."