பெஞ்சில் இருந்த கிழவருக்கு வந்த கடிதம்

கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் மஞ்சுநாத் போன் செய்தான். இருபது வருடமாக என்னோடு தமிழிலேயே பேசுகிறவன் அன்று கன்னடத்தில் ஆரம்பித்தான். அவனுக்குத் துக்கம் தாய்மொழியில்தான் வரும். அதனால் முதல் வார்த்தையிலேயே யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. அது நம் சுப்பையா சார் என்று புரிய இன்னும் இரண்டு வாக்கியம் ஆனது. பஸ் வந்தது. நான் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கம்பெனியில் கருவிகள் செய்யும் டூல்ரூமில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெறும்வரை எங்கள் இன்ஸ்பெக்ஷன் மேஜை அவருடையது. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் முடித்து, உலகத்தையே கடைந்து தள்ளிவிடுவேன் என்ற நினைப்பில் வந்த என்னுடைய முதல் இரும்புப் பின்னையே, அளவு சரியில்லையென்று திருப்பி அனுப்பியவர்.

“கண்ணுக்கே தெரியாத அளவு வித்தியாசம் சார் அது. போனாப் போவுதுன்னு உட்டுடுங்க” என்றேன்.

“கண்ணுக்குத் தெரிஞ்சா நான் எதுக்குலே இங்க ஒக்காந்திருக்கேன்? அளந்ததச் சொல்லு. நெனச்சதச் சொல்லாத” என்றார்.

பிறகு அதை எத்தனையோ பேரிடம் சொன்னார். என்னிடம்தான் அதிகம் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு ஒரே மகன், முத்து. தனக்குப் பிடித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்குப் போனான். “இனி அவன் பேச்சு இந்த வீட்ல வரக் கூடாது” என்றார் சார். ஒன்பது வருடம் அந்தப் பேச்சு வரவில்லை. சாரின் மனைவி கோமதி அக்கா மட்டும் எப்போதாவது மொட்டைமாடிக்குப் போய் மகனோடு போனில் பேசிவிட்டு இறங்கி வருவார்.

முத்து போன மறு வருடம், புது மெஷின் ஒன்றை நிறுவ இங்கிலாந்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். மூன்று மாதம் சார்தான் அவருக்குத் துணை. ஊர் திரும்பும்போது அவர் சாருக்கு ஒரு டிவிடியைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்களெல்லாம் பிறப்பதற்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம். பெயரை எழுதினால் எழுத்துப்பிழை வரும், விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பஜனைக்குக் கிளம்பியதும் நானும் மஞ்சுநாத்தும் அங்கே ஆஜராகிவிடுவோம். சார் ரிமோட்டை அளவுக்கருவி பிடிப்பதுபோல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி நிறுத்தி எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

ஆள் வரத்து இல்லை என்று ஒரு கிராமத்துப் போஸ்ட் ஆபீஸை மூட அதிகாரி ஒருவர் வருகிறார். மூடவிடக் கூடாதென்று எதிரெதிர் வீட்டுக்காரர்களே ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். போஸ்ட்மேன் மூட்டை மூட்டையாகக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிளோடு குட்டையில் விழுகிறார். படத்தில் சண்டை இல்லை, பாட்டு இல்லை, யாரும் யாரையும் ஓர் அறைகூட அறைவதில்லை. ஆனாலும் மஞ்சுநாத் தரையில் புரண்டு சிரிப்பான். போஸ்ட் ஆபீஸ் வாசல் பெஞ்சில் ஒரு கிழவர் படம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். கடைசியில் அந்த அதிகாரியே அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுப்பார். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். முகம் மெல்ல மலரும். சார் அங்கே படத்தை நிறுத்துவார்.

“மவன் எழுதியிருக்காம்லே. ‘அப்பா, நான் வாரேன்’னு.”

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டார்.

சாரை எடுத்தபோது முத்துவால் வர முடியவில்லை. மஞ்சுநாத் கூட்டத்தில் கையை உயர்த்திப் போனைப் பிடித்திருந்தான். அதில்தான் முத்து எல்லாவற்றையும் பார்த்தான். இரண்டு நாள் கழித்து என்னை அழைத்தான்.

“அண்ணே, நீங்கதான் அவர் கூடவே இருந்தீங்க. அப்பா என்னப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாரா?”

அவர் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். “இல்ல முத்து” என்றேன். அவன் “சரிண்ணே” என்றான். அந்த ‘சரிண்ணே’ பல நாள் என்னை விடவில்லை. ஆனால் இல்லாததைச் சொல்ல, சாரிடம் வேலை பழகியவனுக்கு வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, “இத வச்சு நான் என்ன செய்யப் போறேன்” என்று அக்கா அந்த டிவிடியை என் பையில் போட்டார். வீட்டில் நானும் மகள் நித்யாவும் உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்குத்தான் பயந்தேன். திரையில் ஆட்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே என் காதில் சார் பேசிக்கொண்டிருந்தார். போஸ்ட்மேன் குட்டைக்கு வருவதற்கு முன்பே பக்கத்தில் யாரோ சிரிக்கத் தயாராக மூச்சை இழுத்தது கேட்டது. திரும்பிப் பார்த்தேன், நித்யா போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கிழவர் கடிதத்தைப் பிரித்ததும் படம் தானாகவே நின்றது. டிவிடியில் கீறல் என்றாள் மகள். சார் நிறுத்துகிற அதே இடம்.

சற்றுப் பொறுத்துப் படம் ஓடியது. நித்யா கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறவள். கீழே எழுத்து ஓடும்படி வைத்திருந்தாள். “அப்பா, மகனும் இல்ல ஒண்ணும் இல்ல. காய்கறிக் கண்காட்சியில அந்தத் தாத்தாவோட பூசணிக்காய்க்கு ரெண்டாவது பரிசாம். அதான் லெட்டர். என் சின்ன வயசுல நீ எனக்கு இதையே கதையாச் சொல்லி அழவெச்சியே!” என்றாள்.

சாருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரிப்பாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. அதற்கு மேல் என் மூளை போகவில்லை.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். “அந்தப் படத்தக் கொண்டாந்து ஒருக்காப் போடுங்க தம்பி. அவுக கதை சொன்னது ஒருநாள்தான், அதுலயும் நடுவுல பாதி தூங்கிட்டேன். அவுக சொல்லுத மாதிரியே சொல்லிட்டு வாங்க.” தளி ரோட்டில் உள்ள சார் வீட்டில், சாரின் நாற்காலியில் யாரும் உட்காராமல், அக்காவும் நானும் நித்யாவும் தரையில் உட்கார்ந்தோம். நானும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அக்கா நன்றாகவே சிரித்தார். கிழவர் கடிதத்தைப் படித்ததும் படத்தை நிறுத்தினேன். மகன் பெயரையே எடுக்காத வீடு. இந்த அம்மாவிடம் போய் எதைச் சொல்வது? நித்யா என்னையே பார்த்தாள். ‘சார் சொல்லுத மாதிரியே’ என்றுதானே கேட்டார்?

“மகன் எழுதியிருக்கான்க்கா. அப்பா, நான் வர்றேன்னு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி சொல்லுதீக? பூசணிக்காய்க்குப் பரிசுன்னுல்லா அவுக எங்கிட்ட சொன்னாக?”

நித்யாதான் சொன்னாள்: “பூசணிக்காய்தான் ஆன்ட்டி சரி. ஆனா அப்பாவுக்கும் மஞ்சுநாத் மாமாவுக்கும் சார் இப்படித்தான் சொல்லியிருக்கார்.”

சாருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரிந்திருக்கிறது. எங்களிடம் மட்டும் மாற்றியிருக்கிறார்.

அக்கா திரையில் இருந்த கிழவரைப் பார்த்தார். “அவம் பேர நான் எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாக. இங்க ஒக்காந்து ஒங்ககிட்ட இதச் சொல்லிட்டு இருந்தாகளாக்கும்” என்றார். பிறகு, “அந்த எடத்த இன்னொருக்காப் போடும்மா. தம்பி, நீங்க சொல்லுங்க” என்றார். நான்கு முறை போட்டோம், நான்கு முறையும் சொன்னேன். கிளம்பும்போது அக்கா சொன்னார்: “இத முத்துகிட்ட நீங்களே சொல்லுங்க. நாஞ் சொன்னா, அம்மா ஆறுதலுக்குச் சொல்லுதான்னு நெனைப்பான்.”

சொன்னேன். கடிதம், பெஞ்சு, பூசணிக்காய், எல்லாவற்றையும் போனில் உளறிக்கொட்டினேன்.

“எத்தன தடவண்ணே அப்படிச் சொன்னாரு?”

“எண்ணல முத்து. படத்தப் போட்டப்பல்லாம் சொன்னாரு.”

டிவிடி இப்போது கனடாவுக்குப் போய்விட்டது. அது அவனிடமே இருக்கட்டும். என்னிடம் இருப்பது, அந்த வரியைச் சொல்லிவிட்டு சார் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அது வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன்.