சவுரிராயன் இறுக்காமல் விட்ட ஈயம்

திண்டிவனத்துச் சவுரிராயனுக்குக் குழாய்களை இணைப்பதில் இருந்த தேர்ச்சி, மனிதர்களை மதிப்பதில் இருந்ததில்லை. 1961இல் விழுப்புரம் கடைத்தெருவுக்கு அடியில் துருவேறி ஓட்டை விழுந்து கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைப் பதிக்க, ஒப்பந்தக்காரர் அவனைத்தான் அழைத்து வந்தார். ஓவர்சியர் கோதண்டபாணி வெள்ளைக் கால்சட்டையில் புழுதி படாமல் பள்ளத்தின் ஓரத்தில் நின்றதைப் பார்த்த அன்றே, இந்த ஆளுக்கு வேலை தெரியாது என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

கடைக்காரர்கள் மீது அதைவிட இளக்காரம். தண்ணீர் வரவில்லை என்று வருடக்கணக்காக மனு எழுதியவர்களே, தெருவை வெட்டியதும் வியாபாரம் போச்சு என்று கத்தினார்கள். கத்திவிட்டு அழுகின காய்கறியைப் பள்ளத்திலேயே கொட்டினார்கள்.

ஒரு குழாயின் வாயில் அடுத்ததைச் செருகி, அந்த மூட்டின் இடுக்கில் சணலைத் திணித்து, உருக்கிய ஈயத்தை ஊற்ற வேண்டும். ஈயம் ஆறினால் சுருங்கும். உளியை வைத்துச் சுற்றிலும் அடித்து இறுக்கினால்தான் தண்ணீர் நிற்கும். ஜவுளிக்கடை ராஜாமணியின் வாசலில் அவன் ஈயம் ஊற்றி முடித்த நேரத்தில் ராஜாமணி மேலிருந்து கேட்டார்.

"ஏம்பா, தீபாவளிக்குள்ள முடியுமா, இங்கியே குடித்தனம் பண்ணப் போறியா?"

சவுரிராயன் சுத்தியலைப் போட்டுவிட்டு மேலே ஏறினான்.

"ஒரு மொழத்துல நாலு வெரக்கடை திருடற கை உங்களுது. என் வேலையப் பத்திப் பேச வந்துட்டீங்க."

அரைமணி நேரம் வைது தீர்த்தான். மனம் குளிர்ந்து இறங்கியவன் நேராக அடுத்த மூட்டுக்குப் போய்விட்டான்.

பள்ளத்தை மூடித் தண்ணீரைத் திறந்துவிட்ட நாளில் ராஜாமணியின் வாசலில் மண் பொங்கியது. சரக்கு அறைக்குள் தண்ணீர் புகுந்து வேட்டிக் கட்டுகள் நனைந்தன. சவுரிராயன் தோண்டி, குழாய் மூட்டைத் தடவிப் பார்த்தான். ஈயத்தில் ஓர் உளித்தடம்கூட இல்லை. இத்தனை நாளும் அடுத்தவனுக்கு என்று வைத்திருந்த வசவெல்லாம் அவன் மீதே திரும்பியது.

கோதண்டபாணி அவனைத் தனியாக அழைத்தார். "நீ பேஜார் படாத. மண்ணு சொமக்குதே வளவனூர்க்காரி சின்னபொண்ணு, அது ஈயத்துல மண்ணத் தள்ளிடுச்சுன்னு எழுதிடறேன். அத நிறுத்திட்டா முடிஞ்சுது."

சவுரிராயன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். "அந்தப் பொம்பள சொமந்த ஒரு கூட மண்ணுக்கு ஈடாவுமா உங்க பேனா? அடிக்காம விட்டது நான். அத எழுதுங்க."

அன்றைக்கே அந்தக் குழாய் மூட்டைச் சரிசெய்ய வைத்து, சாயங்காலம் அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாமான் பையைத் தோளில் மாட்டியவன் சின்னபொண்ணு நன்றி சொல்வாள் என்று ஒரு நிமிடம் நின்றான். அவள் கூடையை இறக்கவில்லை.

"மூணு மாசமா 'ஏய் கூட'ன்னே கூப்ட்டுக்கினு இருந்தியே மேஸ்திரி, என் பேரு ஓவர்சியரு சொல்லித்தான் தெரிஞ்சுதா?"

சவுரிராயன் திண்டிவனம் போய்ச் சேர்ந்தான். அப்புறம் எந்த ஒப்பந்தக்காரரும் அவனைக் கூப்பிடவில்லை; கிராமங்களில் அடிபம்பு பழுது பார்த்தே காலத்தை ஓட்டினான். கோதண்டபாணிக்குப் பதவி உயர்வு வந்த செய்தியை யாரோ ஒருநாள் சொன்னபோது, காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தான்.